கையெழுத்துப் போட மறுத்தேன், தனியாகிவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன், செய்யாத சோதனையைச் செய்ததாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னை எந்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவதில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ‘அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு வர்றா’ என்று என் காதுபடவே சொல்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ரிப்போர்ட்டுகளில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்தான் கையெழுத்துப் போடுகிறாள். முதல் தடவை என்னிடம் வந்து, “அக்கா, போடலாமா?” என்று கேட்டாள். “உன் இஷ்டம்” என்றேன். அது இருக்கட்டும். 19 வருடம் உழைத்தவளை மீட்டிங்குக்குக்கூடக் கூப்பிடாமல் இருப்பது எந்த நியாயம்? யாருமே என்னோடு பேசுவதில்லை, அம்மா. நேர்மையாக இருந்ததற்கு இதுதான் பலனா? ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

பெயர் சொல்ல விரும்பாத வாசகி

அன்புள்ள மகளுக்கு,

அன்று நீங்கள் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒதுக்கிவைப்பது எவ்வளவு வலிக்கும் என்பதும் தெரியும்.

ஆனால் “அது இருக்கட்டும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் கடிதத்தில் மீட்டிங் இரண்டு முறை வருகிறது, 19 வருடம் இரண்டு முறை வருகிறது. அந்தப் பெண் ஒரே ஒரு முறைதான் வருகிறாள், வந்த வேகத்தில் அவளை அனுப்பியும் விடுகிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மேனேஜர் இல்லை என்றே நினைக்கிறேன். “அக்கா, போடலாமா?” என்ற அந்தக் குரல்தான்.

அவள் அனுமதி கேட்டு வரவில்லை. உங்களைப் போலவே மறுக்கலாமா, மறுத்தால் பக்கத்தில் நீங்கள் நிற்பீர்களா என்று கேட்க வந்தாள். காயம்பட்டிருந்த நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். உங்கள் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேனா அவள் கைக்குப் போய்விட்டது. சோதிக்கப்படாத பொருள்களும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

1950-களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு எதற்குச் சமநீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்தாலே விடை தெரியும். ஆனால் முன்னேற்பாட்டின்படி சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தத் தவறோடு சேர்ந்துபோனது. பிறகு ஆஷ் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார். அப்படிச் சேர்ந்துபோன பதில்கள் நூற்றுக்கு ஐந்தாறாகக் குறைந்துவிட்டன. அந்த ஒருவர் வாதாடவில்லை, யாரையும் திருத்தவும் இல்லை. கண்ணில் பட்டதைக் காதில் விழும்படி சொன்னார், அவ்வளவே.

உங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவர் நீங்கள்தான். உங்களுக்கு அப்படி யாரும் இல்லாமல் போனது பெரிய கொடுமை. அவளுக்கு ஒருவர் இருந்தார், பேசவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். “நேர்மைக்கு இதுதான் பலனா” என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி முழுக்க உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதையே சுற்றுகிறது. கையெழுத்தை மறுத்த அன்று நீங்கள் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகும், முகம் தெரியாத யாரையோ நினைத்துத்தான் மறுத்தீர்கள். எட்டு மாதத் தனிமை அந்த நினைப்பை உங்களிடமிருந்து பறித்துவிட்டது.

இன்னொன்று, அன்று வாயால் மறுத்தீர்களா, எழுத்தில் மறுத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. எந்தச் சோதனை எந்தத் தேதியில் நடக்கவில்லை என்று மேனேஜருக்கு மேலே இருப்பவருக்கு எழுதுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். அவள் பெயரை அதில் இழுக்காதீர்கள்.

அதற்கு முன் அவளிடம் போங்கள். கையெழுத்துப் போடாதே என்று கட்டளை போட வேண்டாம், அவளுடைய பயம் நிஜமானது. “அன்னைக்கு உன் இஷ்டம்னு சொன்னது என் தப்பும்மா” என்று ஆரம்பியுங்கள். நீங்கள் ஏன் மறுத்தீர்கள், அதற்குப் பிறகு என்னவெல்லாம் பட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவள் கோபப்படலாம், அழலாம். எழுந்து வந்துவிடாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.