காதுக்கும் கேமராவுக்கும் ஒரே பேட்டரி

வணக்கம் ஐயா,

ஆறு மாதங்களுக்கு முன் என் அப்பா காலமானார். அவருடைய அலமாரியை ஒழித்தபோது தோலுறையோடு ஒரு கேனனெட் கியூஎல்17 ஜி-3 கேமரா கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் ஷட்டர் திறக்கவில்லை. பின்மூடியைத் திறந்தால் கறுப்பாக ஏதோ பசை விரலில் ஒட்டுகிறது. ஒரு கடையில் காட்டினேன். சரிசெய்ய 220 வெள்ளி ஆகும், கேமராவே அவ்வளவு பெறாது, அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். வாங்குவதென்றால் லைக்கா எம்6 வாங்குங்கள், மூன்று தலைமுறை தாங்கும் என்றும் சொன்னார். என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு விட்டுச்செல்ல ஒரு ஃபிலிம் கேமரா வேண்டும். இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தித் தூரத்தைக் குறிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் எது நீண்டகாலம் உழைக்கும்? ஃபிலிம் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும்? டிஜிட்டலைவிட ஃபிலிம் உண்மையிலேயே மேலானதா?

ம., பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அத்தையின் காதுக்கருவிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். 675 என்று எண் போட்ட, சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி. ஓர் அட்டையில் ஆறு இருக்கும். ஐந்து அத்தைக்கு, ஒன்று என் கேனனெட்டுக்கு. ஆமாம், என்னிடமும் அதே கேமராதான். அதனால்தான் இந்தப் பதில். எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களை நான் வழக்கமாகப் படித்ததும் மூடிவிடுவேன்.

ஃபிலிமா டிஜிட்டலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதற்கென்றே நிறையப் பேர் வேலைவெட்டி இல்லாமல் காத்திருக்கிறார்கள். ஃபிலிம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை அதைத் தயாரிப்பவர்களிடம் கேளுங்கள். அந்தத் தோலுறையை மட்டும் இன்றைக்கே கழற்றித் தனியாக வையுங்கள். நம் ஊர்க் காற்றில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பூக்கும். கேமரா உலர்பெட்டிக்குள் போகட்டும், ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும்.

இனி உங்கள் கேமரா. அது சாகவில்லை. கையில் ஒட்டிய கறுப்புப் பசை, வெளிச்சம் புகாமலிருக்கப் பின்மூடியைச் சுற்றி ஒட்டிய ஸ்பாஞ்சு. அந்தக் காலத்து ஸ்பாஞ்சு எந்த நிறுவனத்துடையது என்றாலும் இருபது ஆண்டில் இளகித் தார் மாதிரி ஆகிவிடும். ஷட்டர் திறக்காததற்கும் பெரும்பாலும் இப்படி ஒரு சின்னக் காரணம்தான். கேனனெட்டில் ஷட்டர் என்பது லென்ஸுக்கு நடுவே இருக்கும் மெல்லிய உலோக இதழ்கள். உள்ளே போட்ட எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து இதழ்களுக்கு வந்துவிடும். தலைமுடி கனத்துக்கு எண்ணெய் படிந்தாலே போதும், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துடைத்துக் காயவைத்தால் ஓடும். காணொளி பார்த்துவிட்டு வெளியிலிருந்தே லைட்டர் திரவத்தைச் சொட்டவிடாதீர்கள். ஒரு வாரம் ஓடும், கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே வந்து உறையும். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள், ஒளியில் பாதியைத் திருப்பிவிடும் பூச்சுக் கண்ணாடி இருக்கும், அதையும் தொடாதீர்கள். தூசு என்று நினைத்து நீங்கள் துடைப்பது அதன் பூச்சாக இருக்கும். பூச்சு போனால் நடுவிலிருக்கும் மஞ்சள் பொட்டும் போய்விடும், அதில் தெரியும் இரண்டாவது பிம்பமும் போய்விடும்.

பேட்டரிக்காகவும் கவலைப்பட வேண்டாம். 1972இல் இந்தக் கேமரா வந்தபோது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காக அளவெடுத்துச் செய்தார்கள். இப்போது பாதரசம் கிடையாது. 1.5 வோல்ட் சாதாரணப் பேட்டரி போட்டால், வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று ஒளியை அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். காதுக்கருவிப் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரி. அகலம் போதாததால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் மீட்டருக்கு மட்டும். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் 1/500 நொடி வேகம் வரை ஓடும்.

சரி, லைக்கா. உங்கள் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1954இல் வந்த எம்3க்குள் பேட்டரி இல்லை, மீட்டர் இல்லை. ஃபிலிமை அடியிலிருந்து செருகுவதால் உருகிப்போகும் ஸ்பாஞ்சும் இல்லை. ஆனால் அதன் ரேஞ்ச்ஃபைண்டருக்குள் பட்டகங்களை மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். பிசின் காய்ந்த ஒரு எம்3 மேசையிலிருந்து விழுந்தால் ஒட்டு விட்டுப்போகும், பார்க்கும் இடம் கறுத்துவிடும். 1984இல் வந்த எம்6க்கு மேல்தகடு துத்தநாகக் கலவை. அது அம்மைக் கொப்புளம் போலப் பொங்கி நிற்பதைப் பழைய எம்6களில் பார்க்கலாம். அதன் மீட்டர் ஒரு மின்சுற்றுப் பலகையை நம்பியிருக்கிறது, ஷட்டர் மட்டும் முழுக்க இயந்திரம். 2002இல் வந்த எம்7இல் பேட்டரி தீர்ந்தால் மிஞ்சுவது 1/60, 1/125 என்று இரண்டே வேகம். கான்டாக்ஸ் ஜி2, மினோல்டா சிஎல்இ போன்றவை எடுத்த படங்கள் இன்றும் கண்ணுக்குள் நிற்கும். மின்சுற்று போய்விட்டால் அந்தக் கேமராக்களைத் தாள் பறக்காமலிருக்க வைக்கலாம்.

எழுபது ஆண்டு உழைத்த எம்3 என்று யாராவது காட்டினால் அதன் வயதை விட்டுவிடுங்கள், எத்தனை முறை திறந்தார்கள் என்று கேளுங்கள். எண்ணெய் மாற்றியிருப்பார்கள், ஷட்டரின் துணித்திரை மாற்றியிருப்பார்கள், இரண்டு பிம்பமும் பொருந்தும்படி லென்ஸ் வாயிலுள்ள சின்ன உருளையை மயிரிழை திருப்பியிருப்பார்கள். தானாக எதுவும் தாங்கவில்லை.

இந்த 'தாங்கும்' என்ற சொல்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து விற்கும் கூட்டு விற்பனையில் கைமாறினால் நாற்பது வயதுக் கட்டடத்தையும் இடித்துவிடும் ஊரில் இருந்துகொண்டு மூன்று தலைமுறை பேசுகிறோம். மகனுக்கு விட்டுச்செல்ல ஆசை என்கிறீர்கள். உங்கள் அப்பா உங்களுக்கு விட்டுச்சென்றது கையில் இருக்கிறதே, அதற்கு 220 வெள்ளி அதிகம். லைக்காவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயார். இது என்ன கணக்கு? அந்த 220 வெள்ளியை கேமராவின் சந்தை விலையோடு வைத்துப் பார்க்கிறீர்கள். ஒரு மனிதர் இரண்டு நாள் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது கூலி. கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் பொருளை எதுவும் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். எம்3 பிறந்த அதே 1954இல் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரோலை நிறுவனம் இங்கே தொழிற்சாலை கட்டியது. உள்ளங்கைக்குள் அடங்கும் ரோலை 35 சிங்கப்பூரில் தயாரானது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கேமராவிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள். ரோலையும் அரசாங்கமும் சேர்ந்து 1973இல் ஒரு பயிற்சி மையமும் தொடங்கின. அத்தை அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தது பத்தொன்பது வயதில். ரோலை 35இல் தூரத்தை நாமே கண்ணால் மதிப்பிட்டுத் திருப்ப வேண்டும். பிறகு எக்ஸ்எஃப் 35 என்று ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது. அத்தையை அந்த வரிசையில் உட்காரவைத்தார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்குவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு வானொலி கேட்பார்.

1979இல் கல்யாணமாகி வேலையை விட்டார். 1981இல் தொழிற்சாலையே மூடிவிட்டது. தாய் நிறுவனம் ஜெர்மனியில் நொடித்துப்போயிற்று. ஆயிரக்கணக்கான பெண்களின் விரல்கள் கற்றுக்கொண்ட வேலை அப்படியே நின்றது. இன்றைக்குப் பழுதுபார்க்க ஆளில்லை என்று புலம்புகிறோம். ஆள் இருந்தார்கள். அவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளைப் பாலர்பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள்.

எனக்குப் பதினான்கு வயதில், குவீன்ஸ்டவுன் மூவறை வீட்டில், அப்பாவின் ஜப்பான் கேமராவை நான் திறந்தேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. சைக்கிள் பெட்டியிலிருந்த திருப்புளியால் மேல்மூடி ஸ்க்ரூவைத் திருகினேன். அது வழுக்கி வழுக்கி, கடைசியில் கூட்டல் குறி இருந்த இடத்தில் ஒரு வட்டக்குழி விழுந்தது. விருந்துக்கு வந்திருந்த அத்தை கேமராவை வாங்கிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து தன் திருப்புளியை எடுத்து, மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நல்லா பாரு. நீ தின்ன தலை அது, தின்னாத தலை இது" என்றார்.

அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை. ஜப்பான் கேமராவின் கூட்டல்குறி ஸ்க்ரூ வேறு, நாம் வீட்டில் வைத்திருக்கும் திருப்புளியின் முனை வேறு. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். அடிவரை உட்காராது, திருகும்போது மேலே ஏறித் தலையை அரைத்துவிடும். ஜப்பான் அளவுக்கென்றே திருப்புளி தனியாக விற்கிறார்கள். ஒற்றைக்கோடு ஸ்க்ரூ என்றால் கோட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் முனை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அரத்தால் முனையைத் தேய்த்துப் பொருத்திக்கொள்வார்கள். அத்தையிடம் அப்படித் தேய்த்தவை பதினொன்று இருந்தன. "முதல்ல அழுத்து, திருகுறது அப்புறம்" என்பார். ஸ்க்ரூ அசையாமலிருக்க மேலே அரக்கு தடவியிருப்பார்கள், அதை ஒரு சொட்டு ஆல்கஹாலால் இளக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். சில கேமராக்களில் ஃபிலிமை நகர்த்தும் லிவருக்கு மேலுள்ள ஸ்க்ரூ எதிர்ப்பக்கம் கழலும். தெரியாதவன் பலம் காட்டுவான், ஒடித்துவிட்டு 'பழசு சார்' என்பான்.

சுங்கை ரோடு சந்தைக்கு அத்தையைக் கூட்டிப்போவேன். 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்களே, அங்கேதான். நான் கேமராவை எடுத்ததும் வ்யூஃபைண்டருக்குள் பார்ப்பேன், லிவரை இழுப்பேன், ஷட்டர் சத்தத்தைக் கேட்பேன். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ தலைகளை மட்டும் பார்ப்பார். "வேணாம். மூணு பேரு உள்ள போயிருக்கான், அதுல ஒருத்தன் முரடன்." அடுத்ததை எடுப்பார். "இத ஒருத்தன்தான் திறந்திருக்கான். தெரிஞ்சவன்." என் கேனனெட் அப்படி வந்தது, நாற்பது வெள்ளிக்கு. அன்று அதன் ஷட்டரும் உங்களுடையதைப் போலத்தான் ஒட்டிக்கிடந்தது. எந்தக் கேமரா உழைக்கும் என்று கேட்டீர்கள் அல்லவா? கண்ணாடிக்குள் பளபளக்கும் எம்6இன் ஸ்க்ரூக்களை முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் அப்பாவின் கேமராவினுடையதைப் பாருங்கள். என் ஊகம், அதை இதுவரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைக்காரர் திறக்காமலே 220 வெள்ளி சொல்லியிருந்தால், அவரிடம் எந்தத் திருப்புளி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

லைக்கா மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். 1994 தைப்பூசத்துக்கு நண்பரின் எம்3ஐ இரவல் வாங்கினேன். "வெயிலைப் பார்த்து வைக்காதே. இதில் கண்ணாடி குறுக்கே நிற்காது, லென்ஸ் வழியாகச் சூரியன் விழுந்து துணித்திரை பொசுங்கும், எப்போதும் மூடி போட்டு வை" என்று எச்சரித்துக் கொடுத்தார். நானும் பயபக்தியோடு மூடினேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை, காவடி எடுத்த என் மச்சானை முப்பத்தாறு படம் எடுத்தேன், மூடியோடு. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக, லென்ஸ் மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. எம்3 மிக நேர்த்தியாக உழைத்தது. மச்சான் இன்றும் அந்தப் படங்களைக் கேட்கிறார்.

அத்தைக்கு இப்போது கை நடுங்குகிறது, திருப்புளி பிடிக்க முடியாது. புரை நீக்கிய பிறகு கண் நன்றாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை கேமராவை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஸ்க்ரூக்களைப் பார்த்துச் சொல்வார். வருமுன் எழுதுங்கள், முகவரி அனுப்புகிறேன். மகனையும் கூட்டிவாருங்கள். வரும் வழியில் தேக்காவில் 675 பேட்டரி ஓர் அட்டை வாங்கிவந்தால் நல்லது. பையனை அத்தைக்கு இடப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள், வலது காது பேட்டரி போட்டாலும் கேட்பதில்லை.