ஆச்சி செத்ததற்கு அவன் அழவில்லை

அன்புள்ள டாக்டர்,

என் மகனுக்குப் பதினாறு வயது. நாலு வயதிலேயே ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டது. நன்றாகப் பேசுவான், பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டான். போன மாதம் என் அம்மா தவறிவிட்டார்கள். அவனை வளர்த்ததே ஆச்சிதான். துக்க வீட்டில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதபோது இவன் மூலையில் நின்று ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை சிரித்தும்விட்டான். "வளர்த்தவ கிடக்கா, சிரிப்பு கேக்குதோ?" என்று என் மதினி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கே மனசு கிடந்து அடிக்கிறது. பாசமே இல்லையோ? ஆனால் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆச்சியின் சின்ன உரலை எடுத்து வெற்றிலை பாக்கு இடிக்கிறான். இடித்ததை அவர்கள் கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறான்.

பயிற்சிக்குப் போகிற இடத்தில், கண்ணாடி முன் நின்று சிரித்த முகம், சோக முகம் பழகச் சொல்கிறார்கள். முடிந்ததும் தாடை வலிக்கிறது என்கிறான். தொடரலாமா?

– ஒரு தாய், தென்காசி

அன்புள்ள அம்மா,

கண்ணாடிப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். அவனே விரும்பிக் கேட்டால் அப்போது பார்க்கலாம். வராத முகபாவத்தை நாள் முழுக்க வரவழைத்துக்கொண்டே இருப்பது ஆளை உருக்கிவிடும். அப்படி நடித்து நடித்துச் சோர்ந்து, மனச்சோர்வோடு வரும் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் பலருக்கு மனசில் இருப்பது உடனே முகத்தில் தெரிந்துவிடும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது தெரியாமலே போகலாம், நேரம் கழித்து வரலாம், வேறு உருவத்திலும் வரலாம். ஒப்பாரியும் கூட்டமும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து நெருக்கும்போது பதற்றமே சிரிப்பாக வெளிவருவதுண்டு. ஒரே சீராகச் சுற்றுகிற ஃபேன் அந்த நேரத்தில் அவனுக்குப் பிடிமானமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017-இல் அமெரிக்காவில் நோவா சாசன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடி வீடியோவைப் பார்த்தவர்கள், இவர்களோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை. அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த விலகல் இல்லை. சொன்ன விஷயத்தில் குறை இல்லை, முகத்தையும் குரலையும் வைத்துத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இலேயே இதை 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்றார். அவர்களுக்கு நம்மைப் புரியாதது பாதி, நமக்கு அவர்களைப் புரியாதது மீதிப் பாதி. உங்கள் மதினியும் அந்த இரண்டாவது பாதியில்தான் நிற்கிறார். அவரிடம் நீங்களே பேசுங்கள், அந்த உரலைப் பற்றிச் சொல்லுங்கள். அவனை விளக்கம் சொல்ல வைக்காதீர்கள்.

முகத்துக்குப் பதில் வார்த்தை கொடுங்கள். "எனக்கு அழுகை வரலை, ஆனா வருத்தமா இருக்கு" என்ற ஒரு வரி போதும். "சோகமா இருக்கியா?" என்று கேட்டால் சிலருக்குப் பதில் தெரியாது, "நெஞ்சு கனமா இருக்கா, வயிறு என்ன பண்ணுது?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். துக்கம் அவனுக்கு அந்த வழியில் வரலாம்.

நாலு மணிக்கு அவன் உரலை எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக் கொடுங்கள்.