ரோபோ சண்டையில் லைப்போ பேட்டரி தீப்பிடிக்காமல் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: 15 கிலோ பிரிவில் மோத முதல் முறையாக ரோபோ செய்கிறோம். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி அடிபட்டால் தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படிப் பாதுகாப்பது?

கல்லூரி நாட்களில் நாங்களும் 15 கிலோ பிரிவில்தான் இறங்கினோம். எங்கள் பேட்டரி ஒன்று எரிந்தும் போனது. எரித்தது எதிராளியின் பிளேடு இல்லை, எங்கள் சொந்த போல்ட்.

மூன்றாவது மேட்ச் முடிந்து ரோபோவைத் தூக்கிவந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தோம். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான ஒரு வாசனை. மேல் தகட்டைக் கழற்றினால், ஆறு செல் பேக்கின் பக்கவாட்டில் துவரம் பருப்பு அளவுக்கு ஒரு குழி. அதற்கு நேர் எதிரே சேஸிஸ் சுவரிலிருந்து ஓர் ஆலன் போல்ட்டின் முனை 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி 16 மி.மீ. போல்ட் தீர்ந்துபோய், கையில் இருந்த 20 மி.மீ. போல்ட்டைப் போட்டு முடுக்கியிருந்தோம். பேக்கை மணல் வாளியில் இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த சில நிமிடங்களில் குபுகுபுவென்று புகை, பின்னாலேயே தீ.

லைப்போ செல்லுக்கு இரும்பு உறை கிடையாது. மெல்லிய அலுமினியப் பைக்குள் நேர்மின், எதிர்மின் தகடுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். இரண்டையும் பிரிப்பது சுமார் 20 மைக்ரான் பிளாஸ்டிக் படலம், அதாவது ஒரு மி.மீ.யில் ஐம்பதில் ஒரு பங்கு. அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட். அந்தச் சூட்டில் எலக்ட்ரோலைட் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும், பக்கத்துச் செல்லும் சூடேறும். இது உடனே நடக்க வேண்டும் என்றும் இல்லை. அடிபட்ட பேக் பத்து நிமிடம் கழித்தும் பற்றலாம், சில மணி நேரம் கழித்தும் பற்றலாம்.

ஆகவே டிசைன் வரையும்போதே முதலில் பேட்டரிக்கு இடம் ஒதுக்குங்கள். மோட்டார், வீல், வெப்பன் எல்லாம் வைத்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் அதைத் திணிக்கிற பழக்கம்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். ரோபோவின் நடுப்பகுதி நல்லது, ஆனால் வெப்பன் சுழலும் தளத்துக்கு நேராக வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அடிவிழும்போது சுவர் உள்ளே வளைந்து நிமிரும். மேட்ச் முடிந்து பார்த்தால் சுவர் நேராகத்தான் தெரியும், பேட்டரி மட்டும் நசுங்கியிருக்கும்.

பேக்கைச் சுற்றி 3 மி.மீ. பாலிகார்பனேட்டிலோ ஹெச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டிலோ தனியாக ஒரு பெட்டி செய்யுங்கள். உள்ளே ஆறு பக்கமும் யோகா மேட் மாதிரி ஃபோம் வையுங்கள். ஃபோம் லேசாக அமுங்கி பேக் ஆடாமல் உட்கார வேண்டும், கொஞ்சம் உப்பவும் இடம் இருக்க வேண்டும். வெல்க்ரோ பட்டையும் கேபிள் டையும் மட்டும் போதாது. பெரிய அடியில் ரோபோ சட்டென்று நின்றாலும், அரைக் கிலோ பேக் தன் வேகத்திலேயே போய் முட்டும். அப்புறம், கார்பன் ஃபைபர் தகடு போட்டால் கவனம். அதில் கரண்ட் பாயும். வெட்டின ஓரத்தில் வயர் உரசி இன்சுலேஷன் தேய்ந்தால் ஷார்ட்தான். வயர் வெளியே வரும் துளைகளை அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் போடுங்கள். பலரும் மறப்பது பேலன்ஸ் வயர், அதாவது ஒவ்வொரு செல்லிலிருந்தும் சார்ஜருக்குப் போகும் மெல்லிய வயர். மெல்லியதுதானே என்று தொங்கவிடாதீர்கள், அதன் முனையிலும் முழு பேட்டரியின் வோல்டேஜும் நிற்கிறது. சூடு தாங்கும் கப்டான் டேப் சுற்றி பெட்டிக்குள்ளேயே அடக்கிவிடுங்கள்.

அடி படாமலே பேட்டரி சாகும் வழியும் உண்டு. மேட்ச் நடுவில் ரோபோ நின்றுவிடக் கூடாதென்று ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) லோ வோல்டேஜ் கட்-ஆஃபை, அதாவது வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் வசதியை, அணைத்துவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அப்படியானால் கணக்கு நம் பொறுப்பு. 3000 மில்லி ஆம்பியர் ஹவர் பேக்கை மூன்று நிமிடத்தில் முழுதாகக் காலி செய்ய சராசரியாக 60 ஆம்பியர் ஆகும். 30 சதவீதமாவது மிச்சம் வேண்டும் என்றால் 42 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. வெப்பன் மோட்டார் அடிக்கடி ஸ்டால் ஆகும் (சுழல முடியாமல் சிக்கி கரண்டை இழுக்கும்) ரோபோவுக்கு அது பத்தாது, பெரிய பேக்காக எடுங்கள். மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, பேக் உப்பியிருந்தாலோ, அது திரும்ப ரோபோவுக்குள் போகக் கூடாது. அடுத்த மேட்ச்சுக்கு வேறு பேக் இல்லையென்றாலும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சார்ஜ் போடுவது எப்போதும் பேலன்ஸ் மோடில் (எல்லாச் செல்லும் சமமாக ஏறும்), 1சி வேகத்தில் (3000 மில்லி ஆம்பியர் ஹவர் பேக்குக்கு 3 ஆம்பியர்), பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க. பேக் கைக்கு ஆறின பிறகுதான் போட வேண்டும். ஹாஸ்டல் கட்டிலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். போட்டி இல்லாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். எடை மிச்சமிருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியையும் யோசியுங்கள். செல்லுக்கு 3.2 வோல்ட்தான், எடையும் கூடும், ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும்.

சரி, பற்றிவிட்டால்? முதலில் ஆட்கள் விலக வேண்டும். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. அரீனாவுக்குள் எரிந்தால் யாரும் உள்ளே ஓடக் கூடாது, புகை அடங்கட்டும். கார்பன் டை ஆக்சைடு அடித்தால் சுவாலை அணையும், உள்ளே இருக்கும் சூடு தணியாது, திரும்பப் பற்றும். ஏராளமான தண்ணீர்தான் சூட்டை இறக்கும். மணல் வாளி, பற்றுவதற்கு முன்பே பேக்கை அதில் இறக்கி வெளியே கொண்டுபோய் வைக்கத்தான்.

அடிபடாமல் வயதாகி ஓய்வுபெற்ற ஆறு செல் பேக்கை உப்புத் தண்ணீரில் போடச் சொல்வார்கள். ஆனால் அப்படிப் போட்டால் முனைகள் துருப்பிடித்து அறுந்து, உள்ளே சார்ஜ் அப்படியே தங்கிவிடலாம். நாங்கள் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இரண்டைத் தொடராக இணைத்து, திறந்த வெளியில் வைத்து எரியவிடுவோம். வெளிச்சம் மங்கி மங்கி அணைந்து, மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தபிறகு முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுவோம்.