மலையில் பூக்கும் மஞ்சள் கடுகுக் குடும்பப் பூக்களைப் பிரித்தறிவது எப்படி?

கொலராடோ மலையில் எடுத்த மூன்று படங்களைப் போட்டு, "எல்லாம் நாலு இதழ் மஞ்சள் பூதான், எது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். காயைப் பாருங்கள். எரிசிமம், ஃபைசேரியா, டிராபா என்ற மூன்று பேரினங்களும் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) அதில்தான் பிரியும்.

எரிசிமம் சுலபம்: பூ பெரிது, காய் நம் கடுகுக் காய்போல நீண்டு ஒல்லியாக இருக்கும். ஃபைசேரியாவின் காய் காற்றடைத்த குட்டி பலூன். சில இனங்களில் இரண்டு பலூன்கள் ஒட்டிய மாதிரி. இலையில் வெள்ளி பூசினாற்போல் ஒரு மினுக்கம். டிராபாவின் காய் குட்டையானது, தட்டையானது, சிலவற்றில் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும்.

தலைவலி டிராபாவுக்குள்தான். 350க்கும் மேற்பட்ட இனங்கள்! அங்கே இலை ரோமம்தான் சாட்சி. நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் போதும்: ரோமம் ஒற்றையா, கவையா, நட்சத்திரமா என்று பாருங்கள். தண்டில் இலை இருக்கிறதா என்பதும் முக்கியம். டிராபா ஆரியாவில் நிறைய இருக்கும்; டிராபா கிராசிஃபோலியாவில் பெரும்பாலும் இருக்காது. எரிசிமத்தின் ரோமமோ இரு முனையும் கூராக, இலையோடு படுத்துக் கிடக்கும்.

பழக லென்ஸோடு மலையேற வேண்டாம். இங்கே கடலூரில் எங்கள் தெருவோரம் முளைக்கும் நாய்க்கடுகுக்கும் நாலு மஞ்சள் இதழ்தான். ஆனால் மகரந்தத் தாளை எண்ணினால் பத்துக்கு மேல் போகும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கடுகுக் குடும்பத்தில் பொதுவாக ஆறுதான், நாலு நெட்டை, இரண்டு குட்டை. பெயரில் கடுகு இருந்தாலும் அது வேறு குடும்பம்.

அடுத்த முறை காயையும் அடியிலையையும் சேர்த்துப் படமெடுங்கள்.