மாடி வீட்டுக்கு வெளிநாட்டுக் குடும்பம் வருகிறது, என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: காலடிப்பேட்டையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். இரண்டாம் மாடியில் எங்களுக்கு இன்னொரு வீடு உண்டு. எண்ணூர்ப் பக்கம் துறைமுக வேலைக்கு வரும் பிலிப்பைன்ஸ் நாட்டு இன்ஜினியர், மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் இரண்டு வருடம் தங்குவதற்கு அந்த வீட்டைக் கேட்கிறார். “போலீஸ், பாஸ்போர்ட்னு வம்பு வரும், வேண்டாம்” என்கிறார்கள் பக்கத்து வீடுகளில். கொடுக்கலாமா? கொடுத்தால் நாங்கள் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. செய்ய வேண்டிய பதிவைச் செய்யாமல் விட்டால்தான் வம்பு. பதிவு அரை மணி நேர வேலை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு இருபது வருடமாக வீடு பார்த்துக் கொடுக்கிறேன். பாதிக்கு மேல் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைதான். ஆவணச் சிக்கலால் வீட்டைக் காலி செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தண்ணீரால் போனவர்கள் உண்டு, சத்தத்தால் போனவர்கள் உண்டு. “எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே” என்று மனம் நொந்து போனவர்கள்தான் அதிகம். நமக்குப் பழகிப்போனதை யாருக்கும் சொல்லத் தோன்றாது. அதனால் நான் எழுதுவதில் பாதி, நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது.

பதிவை முதலில் பார்த்துவிடலாம். வெளிநாட்டவரை யார் தங்க வைத்தாலும், ஹோட்டலோ வீடோ, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கத்தில் ‘ஃபார்ம் சி’ என்பார்கள். இதைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், அதாவது நீங்கள். 1946ஆம் வருடத்துச் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரரின் இந்தப் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. எல்லாம் அந்த அலுவலகத்தின் இணையதளத்தில்தான். உங்கள் பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை கொடுத்து இப்போதே ஒரு கணக்கு தொடங்கி வைத்துவிடுங்கள். அவர்கள் வந்து இறங்கியதும் பாஸ்போர்ட் விவரம், விசா விவரம், போட்டோ ஏற்றினால் முடிந்தது. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், குழந்தைதானே என்று விட வேண்டாம். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் மறுபடி பதிந்துவிடுவதே பாதுகாப்பு. நகல் ஒன்றை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து வைத்தால் அக்கம்பக்கத்தார் பயமும் தெளியும்.

180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசா என்றால் அந்த இன்ஜினியரும் வந்த 14 நாளுக்குள் தன் பெயரைப் பதிய வேண்டும். அது அவர் பொறுப்பு, கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு உங்கள் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள், இழுத்தடிக்காதீர்கள்.

சில வருடம் முன்பு தண்டையார்பேட்டையில் நான் குடிவைத்த ஒரு தம்பதிக்கு வீட்டுக்காரர் இந்தப் பதிவைச் செய்யவில்லை. செய்தாரா என்று நானும் கேட்கவில்லை. விசாவை நீட்டிக்கப் போனபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. விளக்கக் கடிதம், மறுபடி கடிதம் என்று வாரக்கணக்கில் அலைந்தார்கள். அதன்பிறகு பதிவின் நகலைக் கண்ணால் பார்க்காமல் எந்த வீட்டிலிருந்தும் நான் கிளம்புவதில்லை.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து, எண் வாங்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனாலும் இவர்களிடம் கேட்காதீர்கள். வேலை முடிந்தால் விமானத் தேதிக்குக் கிளம்பிவிடுவார்கள், இங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடிவிடுவார்கள். அவர்கள் காலி செய்து சாவியைத் திருப்பித் தரும் அன்றே வீட்டைச் சேர்ந்து சுற்றிப் பார்த்து, பெயின்ட் செலவு இவ்வளவு என்று பேசி, மீதியைக் கணக்கில் போட்டுவிடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வராமல் ஊர் போய்ச் சேர்ந்தவர்களின் போன் எனக்கு இன்றும் வருகிறது. கேட்கவே வேதனையாக இருக்கும்.

தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று பேரையும் கீழே அழைத்துப்போய் சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடியைத் திறந்து காட்டுங்கள். மெட்ரோ வாட்டர் எந்த நேரம் வரும், மோட்டாரை யார் போடுவது, மொட்டை மாடியில் எந்த டேங்க் யாருக்கு, வரத்து நின்றால் தண்ணீர் லாரிக்கு யாரிடம் சொல்வது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு ஆழ்துளைப் போர் குழாயின் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீஞ்சூர்ப் பக்கமெல்லாம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. கடலோரத்து உங்கள் பகுதியிலும் உப்புக்குக் குறைவிருக்காது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி வறண்டு போகும், கீசர் காயில் சீக்கிரம் போய்விடும். தலைக்கு மெட்ரோ வாட்டர், கழுவித் துடைக்கப் போர் தண்ணீர், குடிக்க இருபது லிட்டர் கேன் என்று பிரித்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கேனில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் நின்றிருக்கும்போது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, வரவில்லையே என்று அப்படியே விட்டு வெளியே போய்விடுவார்கள். மோட்டார் போட்டதும் வீடு முழுக்கத் தண்ணீர், கீழ்வீட்டு சீலிங்கிலும் ஒழுகும். முதல் மாதத்தில் இப்படி நடக்காத வீட்டை நான் பார்த்ததே இல்லை. குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் மீட்டர் எது என்று காட்டி, பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிடுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறி பில் எகிறும், ஏசி போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் நீங்கள் ஒரு பைசா வைக்க வேண்டாம். கேஸ் இணைப்பு கிடைக்கும்வரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் போதும்.

குழந்தை வருகிறது என்பதால் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: மணலி, எண்ணூர் ஆலைப் பக்கக் காற்று சில நாள் மூக்கை உறுத்தும். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடி வந்தார்கள். மகளுக்கு வீசிங் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் வீட்டை உறுதி செய்யும் முன் அவர்களே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யட்டும், வாடகை போனாலும் பரவாயில்லை. 108, 112, மாநகராட்சியின் 1913 மூன்றையும் பிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்பதையும் சொல்லுங்கள்.

இனி தெரு. ஆடியில் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் கட்டுவார்கள், மார்கழியில் விடியுமுன் பாட்டு ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் தேதியோடு முன்கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். முக்கியமாகச் சாவு ஊர்வலம். மேளமும் வெடியும் ஆட்டமும் தெருவெல்லாம் பூவுமாகப் போவதைப் பார்த்துத் திருவிழா என்று நினைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க இறங்கிய ஒருவரை ராயபுரத்தில் பார்த்தேன். விவரம் தெரிந்ததும் அவர் கூசிப்போய் அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் என்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அவர்களும் மூன்று வேளையும் சோறு உண்பவர்கள், மீனும் கருவாடும் இல்லாமல் இருக்கமாட்டார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அக்காவுக்கு ‘ஆத்தே’, அண்ணனுக்கு ‘குயா’ என்று முறை உண்டு, முன்பின் தெரியாதவருக்கும் அதே முறைதான். எதிர்வீட்டம்மாவை அக்கா என்று அழைக்கச் சொன்னால் மறுநாளே அழைப்பார்கள். சம்பளம் எவ்வளவு, இன்னொரு பிள்ளை எப்போது என்று நம்மவர்கள் கேட்பதை மட்டும், அது அக்கறையில் கேட்பது, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை என்று விளக்கிவிடுங்கள்.

அசோசியேஷனில் இன்னமும் தயங்கினால் உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துச் சொல்லுங்கள். 1717 முதல் 1720 வரை மெட்ராஸில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் அத்தோ நூடுல்ஸைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

குடிவரும் அன்று பால் காய்ச்ச வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு புதுப் பாத்திரமும் அரை லிட்டர் பாலும் கொடுத்து, பொங்கி வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் பாலை டம்ளரில் ஊற்றி, அந்தச் சிறுமியின் கையால் மற்றப் பதினோரு வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லி, கூடவே நீங்களும் போங்கள். வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் அம்மாவைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போய் மீன் பேரம் பேசக் கற்றுக்கொடுங்கள்.