சங்கிலியில் கட்டிய ராஜபாளையம் ஏன் கடிக்கிறது?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். ஒன்றரை வயதில் ராஜபாளையம் கடுவன் ஒன்று இருக்கிறது. பகலில் கட்டுத்தரை ஓரம் சங்கிலியில் கிடக்கும். ராத்திரி ஆட்டுப்பட்டிக் காவலுக்கு அவிழ்த்துவிடுவோம். முந்தாநாள் பால்காரரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. ‘அந்தச் சாதி நாயே அப்படித்தான், வித்துப்போட்டு லேப்ரடார் வாங்கு’ என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ‘நீ வளர்த்த லட்சணம்’ என்கிறார் எங்கள் அப்பாரு. எது சரிங்க?

பதில்: முதலில் பால்காரரைக் கவனியுங்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இதுவரை கழுவவில்லை என்றால் இப்போதாவது கழுவுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே தோலில் போடும் ஊசிக்குக் கணக்கு 0, 3, 7, 28-ஆம் நாள். மூன்றாவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நான்கையும் முடிக்கச் சொல்லுங்கள். நாயை 10 நாள் தனியே வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் வழக்கு. அப்பாரு பக்கம்தான் நியாயம் கூடுதல். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. லேப்ரடாரும் கடிக்கும்.

அதற்காக இனம் ஒன்றுமே இல்லை என்றாகாது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் ஆன நாய். புது ஆளைச் சட்டென்று நம்பாது, கடித்தால் காயம் ஆழம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆள் வருவது தெரியாமல் திடுக்கிட்டுக் கடிக்கும். தூங்கும்போது பத்தடி பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். காலால் தரையை உதைக்கக் கூடாது, அதிர்வில் எழுந்துவிடும். காதுமடல்கூட அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதுச் சீழ், உண்ணிக் காய்ச்சல், மூட்டுவலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலியுள்ள நாய்க்குப் பழக்கம் எடுபடாது.

காது நன்றாக இருந்தால் குற்றவாளி சங்கிலிதான். பிடிக்காத ஆள் வந்தால் நாய் விலகிப் போகும். கட்டிய நாய்க்கு அந்த வழி இல்லை, குரைக்கத்தான் முடியும். பால்காரர் ஐந்து நிமிடத்தில் கேனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போகிறார். நாயோ தான் விரட்டியதாக நினைக்கிறது. தினம் இரண்டு வேளை, வருடத்துக்கு 730 வெற்றி! ‘கட்டிப்போட்டால்தான் காவலுக்கு ஆகும்’ என்ற பேச்சு இங்கேதான் கெடுக்கிறது. உறுமினால் அடிக்கும் வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால், அடுத்த முறை சத்தமே இல்லாமல் பல் பதியும்.

வேம்பு நிழலில், வாசலும் தடமும் கண்ணில் படாத இடத்தில், 10க்கு 15 அடியில் ஆறடி உயரக் கம்பிவலை அடைப்பு போடுங்கள். அடியில் ஒன்றரை அடிக்குச் செங்கல் புதைக்காவிட்டால் தோண்டி வெளியே வந்துவிடும். காலையும் மாலையும் அரைமணி கயிற்றில் நடத்துங்கள்.

பிறகு பழக்கம். கூடை மாதிரி வாய்மூடி வாங்குங்கள். வாயை இறுக்கும் துணிப் பட்டை நம் வெயிலுக்கு ஆகாது, நாய் நாக்கை நீட்டி இளைக்க முடியாது. உள்ளே அவித்த முட்டைத் துண்டு வைத்து, ஒரு வாரத்தில் தானே மூக்கை நுழைக்க விடுங்கள். வாய்மூடி போட்டுக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பால்காரரை 50 அடியில் நிற்கச் சொல்லுங்கள். அவரைப் பார்த்ததும் விரல்நுனி அளவு கோழிக்கறியைக் கூடையின் இடுக்கு வழியாகக் கொடுங்கள். அவர் மறைந்ததும் நிறுத்துங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். மூன்று நாள் குரைக்காமல் இருந்தால் ஐந்தடி கிட்டே. குரைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பத்தடி பின்னால் போங்கள்.

கறியைப் பால்காரர் கையால் கொடுக்க வைப்பது பெரிய தப்பு. தீனி ஆசையில் நாய் கிட்டே போகும். துண்டு தீர்ந்ததும் முன்னால் அந்நியர் நிற்பது தெரியும், அப்போதுதான் கவ்வும்.

இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். காயடிப்பது ஊர்சுற்றலைக் குறைக்கும். பயத்தில் கடிப்பதை நிறுத்தாது. மசியவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். விற்பது தீர்வல்ல, கடி இன்னொரு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

ராத்திரி அவிழ்ப்பதும் யோசிக்க வேண்டியது. கிளுவை வேலிச் சந்து வழியே இட்டேரிக்கு, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்துக்குப் போய் யாரையாவது கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியைச் சுற்றிக் கம்பிவலை போட்டு, அதற்குள் மட்டும் விடுங்கள். நோம்பிக்கு ஒரம்பரை (விருந்தாளிகள்) வரும் நாட்களில் பழக்கமெல்லாம் வேண்டாம். அடைப்பைப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணியில் மாட்டினால் ஏதாவது ஒரு பொடுசு எடுத்துத் திறந்துவிடும்.