சூலகம் நீக்கிய எலி, ஈஸ்ட்ரோஜன், எலும்பு: கேள்வி பதில்

கே: எலியின் சூலகத்தை (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கும் உறுப்பு) எடுத்து எத்தனை நாளில் எலும்பு இழப்பு தெரியும்?

ப: எந்த எலும்பைப் பார்க்கிறீர்கள்? வளர்ந்த எலியின் டிபியா (கீழ்க்கால் எலும்பு) மேல்முனையில் உள்ள பஞ்சு எலும்பில் 14 நாளிலேயே தெரியும். தொடை எலும்பின் கழுத்தில் ஏறக்குறைய 30 நாள், கீழ்முதுகு முள்ளெலும்பில் 60 நாள் ஆகும். மூன்றே வாரத்தில் முதுகெலும்பை ஸ்கேன் செய்துவிட்டு "இழப்பு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

கே: புதிதாகப் படியும் எலும்பைக் காட்டும் கால்சீன் சாயத்தில் பார்த்தால், ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலிகளில் எலும்பு உருவாகும் வேகம் குறைந்திருக்கிறது. மருந்து கெடுதல் செய்கிறதா?

ப: இல்லை, அதுதான் நடக்க வேண்டியது. சூலகம் போனதும், எலும்பு கரைவதைத் தூண்டும் புரதமான ரேங்க் லிகண்டின் கை ஓங்குகிறது, எலும்பைக் கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகி, கூடுதல் நாள் உயிரோடும் இருக்கின்றன. கட்டும் செல்களும் வேகமெடுக்கும், ஆனால் கரைவதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் இந்த ஓட்டம் முழுவதையும் அடக்குகிறது. அதனால் கரைவதும் குறையும், கட்டுவதும் குறையும். உருவாக்க வேகத்தை மட்டும் தனியாக எடுத்து வாசிக்காதீர்கள்.

கே: 3 மாத எலி போதுமா?

ப: அந்த வயதில் எலும்பு இன்னும் நீளமாகிறது. 6 மாதம் நல்லது. 3 மாத எலிதான் கிடைக்கிறது என்றால் தொடக்க நாள் குழு (அறுவை நாளிலேயே எலும்பு எடுத்துவைக்கும் எலிகள்) கட்டாயம். இல்லாவிட்டால் இழப்பையும் வளர்ச்சிக் குறைவையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கே: அறுவை முழுமையாக நடந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

ப: முடிவில் கருப்பையை எடை போடுங்கள். நன்றாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காத எலியில் சூலகத் துணுக்கு மிஞ்சியிருக்கலாம்.

கே: அறுவைக்கு 8 வாரம் கழித்து எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) தொடங்கினோம். மருந்தில்லாத குழுவைவிட எலும்பு அதிகம். இழந்தது திரும்பியது என்று எழுதலாமா?

ப: மருந்து தொடங்கிய அன்றே எலும்பு எடுத்த குழு ஒன்று வைத்தீர்களா? இல்லையென்றால் எழுத முடியாது. மருந்தில்லாத எலிகள் அந்த 8 வாரத்துக்குப் பிறகும் இழந்துகொண்டே இருந்திருக்கும். உங்கள் எலிகள் இருந்த இடத்திலேயே நின்றிருந்தாலும் வித்தியாசம் வரும். ஈஸ்ட்ரோஜன் இழப்பை நிறுத்தும், மிஞ்சிய பஞ்சு எலும்புச் சட்டங்களைக் கொஞ்சம் தடிப்பாக்கவும் கூடும். அறுந்துபோன சட்டங்களை மறுபடி இணைக்காது. மைக்ரோ சிடி ஸ்கேனில் சட்டங்களின் தடிமன், எண்ணிக்கை, இடைவெளி மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கே: (அதே நண்பர்) ஈஸ்ட்ரோஜன் புது எலும்பைக் கட்டும் என்று கட்டுரைகள் இருக்கின்றனவே!

ப: இருக்கின்றன. அவை சுண்டெலியில், அதிக டோஸில், மஜ்ஜைக் குழிக்குள் எலும்பு நிரம்பியதைச் சொல்பவை. அதை எலிக்கு மாற்றி எழுதாதீர்கள்.

கே: (வேறொருவர்) அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் எலிகளில் எலும்பு அளவு ஷாம் குழுவையும் (சூலகத்தை எடுக்காமல் அறுவை மட்டும் செய்த எலிகள்) தாண்டிவிட்டது.

ப: வளரும் எலியா? எலும்பு நீளும் இடமான வளர்தட்டுக்குக் கீழே புதிதாக உருவாகும் எலும்பு கரையாமல் தங்கினாலே அளவு ஏறிவிடும், அது கட்டியதாகாது. கருப்பை எடையும் ஷாமைத் தாண்டியிருந்தால் டோஸும் அதிகம். நிஜமாகவே கட்டும் மருந்து வேண்டுமென்றால் பாராதைராய்டு ஹார்மோன் துண்டான டெரிபாரடைடை ஒப்பீட்டுக் குழுவாக வையுங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

கே: சூலகம் எடுத்த எலிகள் எடை கூடுகின்றனவே?

ப: அதிகம் தின்கின்றன. ஷாம் குழு தின்னும் அளவையே கொடுங்கள். கூடிய எடை எலும்பை ஓரளவு காக்கும், முடிவு குழம்பும். தீவனத்தில் சோயா இருக்கிறதா என்றும் பாருங்கள், அதில் தாவர ஈஸ்ட்ரோஜன் உண்டு.

கே: அம்மாவுக்குச் சூலகம் எடுத்துவிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரலாமா?

ப: எலி ஆய்வை வைத்து இதற்குப் பதில் சொல்லவே கூடாது. வயது, ரத்த உறைவு, மார்பகம் எல்லாம் பார்க்க வேண்டும். அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: 12 வாரம் கழித்துச் சிகிச்சை, ஷாம் குழு உண்டு. எலும்பு திரும்பியது என்று சொல்லலாமா?

ப: சிகிச்சை தொடங்கிய அன்றே எலும்பு எடுத்த குழு எங்கே? மேலே சொல்லியாயிற்று.